கடினத் தரையும் குதிரைக் கால்களும்: ஒரு பாதுகாப்பு வரலாறு

முன்னுரை

போர், வணிகம், அஞ்சல், உழவு, பந்தயம் எனப் பல துறைகளில் மனிதன் குதிரையை நம்பி வாழ்ந்திருக்கிறான். அந்த நம்பிக்கை முழுவதும் நான்கு மெல்லிய கால்களின் மீது நின்றது. கால் நொண்டினால் படை நின்றது, வண்டி நின்றது, வணிகன் போட்ட முதல் போயிற்று. 1751-இல் ஜெரமையா பிரிட்ஜஸ் என்ற ஆங்கிலேயர் குதிரைப் பாதம் பற்றி எழுதிய நூலுக்கு ‘பாதம் இல்லையேல் குதிரை இல்லை’ என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். அத்தொடர் பின்னர் குதிரை வளர்ப்போரின் பழமொழியாகவே ஆகிவிட்டது.

குதிரையின் காலுக்குப் பெரும் சோதனை தருவது கடினமான தரை. கோடையில் காய்ந்து இறுகிய மண், கல் பாவிய சாலை, பாறை நிலம் ஆகியவை குளம்பைத் தேய்க்கின்றன. மூட்டுகளை அதிர வைக்கின்றன. இந்தச் சேதத்தைத் தடுக்க மனிதர் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, குளம்பைக் காப்பது. மற்றொன்று, தரையை மாற்றுவது. முதல் வழிக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இரண்டாவது வழி முறையான அறிவாக வளர்ந்தது அண்மைக் காலத்தில்தான். இவ்விரண்டு வழிகளும் எவ்வாறு வளர்ந்தன, அவற்றால் குதிரைக்கு என்ன கிடைத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குதிரைக் காலின் அமைப்பு

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலை ஊன்றி நடக்கும் விலங்கு. நாம் குளம்பு என்று சொல்வது அந்த நடுவிரலின் நகம். குதிரையின் முன்காலில் ‘முழங்கால்’ போலத் தோன்றும் மூட்டு, உண்மையில் நம் மணிக்கட்டுக்கு இணையானது. அதற்குக் கீழே குறிப்பிடத்தக்க தசை ஏதும் இல்லை. எலும்பும், தசைநாண்களும், அவற்றைப் போர்த்திய தோலுமே உள்ளன. கால் இலேசாக இருப்பதால் குதிரையால் விரைந்து ஓட முடிகிறது. ஆனால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத் தசை இல்லாததால் அந்த வேலையைத் தசைநாண்களும் மூட்டுகளும் குளம்பும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குளம்பின் அடியில், குதிகால் பக்கத்தில், முக்கோண வடிவில் ரப்பர் போன்ற ஒரு பகுதி உள்ளது. ஆங்கிலேயர் இதைத் ‘தவளை’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். அதற்கு மேலே மெத்தை போன்ற திசுவும், இரு பக்கங்களிலும் குருத்தெலும்பும் உள்ளன. குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்று விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. இந்த அசைவு அதிர்ச்சியைக் குறைக்கிறது. குளம்புக்குள் இரத்த ஓட்டத்துக்கும் துணை செய்கிறது. குளம்புக்குச் சற்று மேலே உள்ள கணு மூட்டு, ஓட்டத்தின்போது தரையை நோக்கித் தாழ்ந்து மீண்டும் எழுகிறது. அப்போது காலின் பின்புறமுள்ள தசைநாண்கள் வில்லைப் போல நீண்டு சுருங்குகின்றன.

நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. பாய்ந்து ஓடும்போது சில கணங்களில் முழு உடலும் ஒரே காலின் மீது இருக்கும். அப்போது அக்காலின் மீது விழும் விசை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை உயர்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரையானால், ஒரு காலின் மீது ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட சுமை விழுகிறது என்று பொருள்.

கோடைத் தரை இக்காலுக்கு மூன்று வகையில் தீங்கு செய்கிறது. முதலாவதாக, இறுகிய மண் அமுங்கிக் கொடுப்பதில்லை. எனவே அடியின் அதிர்வு குறையாமல் எலும்புக்கும் மூட்டுக்கும் ஏறுகிறது. இரண்டாவதாக, வறட்சியில் குளம்பு ஈரம் இழந்து விளிம்பில் உடைகிறது, வெடிப்பு காண்கிறது. மூன்றாவதாக, மழைக்காலத்தில் பதிந்த குளம்புத் தடங்களும் வண்டித் தடங்களும் வெயிலில் அப்படியே கெட்டிப்பட்டு மேடு பள்ளமாக நிற்கின்றன. அதில் கால் சாய்வாக விழும்போது மூட்டின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் பெறுகிறது.

செனபோனின் கல் முற்றம்

குதிரைப் பராமரிப்பைப் பற்றி நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று, கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் எழுதிய ‘குதிரையேற்றம் பற்றி’ என்பது. குதிரை வாங்குவோர் முதலில் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார் அவர். அடித்தளம் சரியில்லாத வீடு பயன்படாதது போல, பாதம் சரியில்லாத போர்க்குதிரையும் பயன்படாது என்பது அவர் வாதம்.

கிரேக்கர் காலத்தில் ஆணி அடித்த லாடம் இல்லை. ஆகவே குளம்பையே வலுப்படுத்த வேண்டியிருந்தது. அதற்குச் செனபோன் ஒரு வழி கூறுகிறார். ஈரமும் வழுவழுப்பும் உள்ள தொழுவத் தரை குளம்பைக் கெடுக்கும். எனவே தொழுவத்துக்கு வெளியே நான்கைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டிப் பரப்பி, அவை சிதறாதபடி இரும்பு விளிம்பு கட்ட வேண்டும். குதிரையைத் தேய்த்துவிடும் நேரத்திலும், ஈ கடிக்கும்போது அது காலை உதைக்கும் நேரத்திலும், அக்கற்களின் மீது நடப்பதற்கு ஒப்பான பயிற்சி குளம்புக்குக் கிடைக்கும். கடினத் தரையைச் சிறிது சிறிதாகப் பழக்கினால் உடல் அதற்கு ஏற்ப வலுவடையும் என்ற கருத்து இதில் உள்ளது. இன்றைய எலும்பு ஆய்வும் இதே கருத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்ததைப் பின்னர் காண்போம்.

ஆனால் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அலெக்சாந்தரின் படை கி.மு. 326-இல் பஞ்சாபின் பியாஸ் ஆற்றங்கரையில் நின்று திரும்பியது. ஆண்டுக்கணக்கான நடையில் அப்படையின் குதிரைகளின் குளம்புகள் தேய்ந்துபோயிருந்தன என்று வரலாற்றாசிரியர் டியோடோரஸ் குறிப்பிடுகிறார். பான்டஸ் நாட்டு மன்னன் மித்ரிடேட்ஸ் சைசிகஸ் நகரை முற்றுகையிட்டபோது, தீனியின்றி மெலிந்தும் குளம்பு தேய்ந்து நொண்டியும் இருந்த தன் குதிரைகளை விலக்கி அனுப்ப நேர்ந்தது என அப்பியன் எழுதுகிறார். குளம்பு ஒரு நாளில் தேயும் அளவு, அது வளரும் அளவைவிட மிகும்போது படை தானாகவே நின்றுவிடும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது. நீண்ட படையெடுப்புகளின் வேகத்தை இந்தச் சிறிய அளவு கட்டுப்படுத்தியது.

உரோமரின் குளம்புச் செருப்பு

உரோமப் பேரரசு கல் பாவிய நெடுஞ்சாலைகளை அமைத்தது. படையும் வரியும் விரைந்து செல்ல அவை உதவின. ஆனால் குளம்புகளுக்கு அவை பகையாயின. உரோமர் முதலில் புல் வகைகளைப் பின்னிச் செய்த செருப்புகளைக் கட்டினர். வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா இத்தகைய செருப்பைக் கால் புண்பட்ட மாடுகளுக்குப் பரிந்துரைக்கிறார். பின்னர் இரும்புத் தகட்டுச் செருப்புகளும் வந்தன. அடியில் தகடு, பக்கங்களில் மடிப்பு, முன்னும் பின்னும் கொக்கி அல்லது வளையம் என்ற அமைப்புடைய இவற்றைத் தோல்வாரால் காலோடு கட்டினர். இன்றைய பிரான்சு, செர்மனி, பிரித்தானியா ஆகிய நாடுகளின் அகழாய்வுகளில் இவை கிடைத்துள்ளன. புண்பட்ட பாதத்தில் மருந்துக் கட்டை நிறுத்தி வைக்கவும் இவை பயன்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

செல்வர்கள் இதையும் ஆடம்பரமாக்கினர். நீரோ மன்னனின் கோவேறு கழுதைகள் வெள்ளிச் செருப்பு அணிந்திருந்ததாகச் சுயட்டோனியஸ் எழுதுகிறார். எனினும் அன்றாடப் பராமரிப்பு எளிய உழைப்பாளிகளின் கையில் இருந்தது. கி.பி. 301-இல் தியோக்ளீசியன் வெளியிட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணையில், ஒரு விலங்கின் குளம்புகளைச் சீவிச் செப்பம் செய்ய விலங்கு மருத்துவருக்கு 6 தினாரியஸ் என்று கூலி வரையறுக்கப்பட்டுள்ளது. பேரரசு முழுவதற்கும் கூலி நிர்ணயிக்கும் அளவுக்கு அது வழக்கமான தொழிலாக இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

ஆணி அடித்த லாடம்

கட்டும் செருப்பில் ஒரு குறை உண்டு. அது நழுவும், வாரால் தோல் உராயும், விரைந்து ஓட விடாது. ஆணி அடித்த லாடம் இக்குறையைத் தீர்த்தது. குளம்பின் வெளிச்சுவரில் நரம்பு இல்லை. எனவே ஆணியை உள்ளிருந்து வெளிப்புறமாகச் சாய்த்து அடித்து, முனையை மடக்கிவிட்டால் குதிரைக்கு வலிப்பதில்லை. ஆணி சில மில்லிமீட்டர் உள்ளே தவறினால் உயிருள்ள திசுவைக் குத்திவிடும், சீழ் பிடிக்கும், குதிரை நொண்டும். ஆகவே லாடம் அடிப்பது தேர்ந்த கைத்தொழிலாயிற்று. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால், ஏறக்குறைய 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும்.

ஆணி லாடம் எங்கே, எப்போது தோன்றியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெளிவான எழுத்துச் சான்று, கி.பி. 900-ஐ ஒட்டிப் பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோ தொகுத்த போர் நூலில் கிடைக்கிறது. குதிரைப்படைக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் பிறை வடிவ இரும்பும் ஆணிகளும் அதில் இடம்பெறுகின்றன. 11-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இது பெருவழக்காயிற்று. 1086-இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நில அளவைப் பதிவேட்டில், ஹெரிஃபோர்டு நகரின் 6 கொல்லர்கள் ஆளுக்கு 120 லாடங்களை அரசனின் இரும்பில் செய்து தர வேண்டியிருந்த செய்தி உள்ளது. இலண்டனில் லாடக் கொல்லர்களின் குழு 1356-இல் அமைந்தது. மேற்கு ஆசியாவில் வேறு வடிவம் பரவியது. அங்குள்ள கல் நிலத்துக்கு ஏற்ப, அடி முழுவதையும் மூடி நடுவில் சிறு துளை மட்டும் விட்ட தட்டு லாடத்தை அரபியரும் பாரசீகரும் துருக்கியரும் பயன்படுத்தினர்.

பாண்டிய நாட்டில் குதிரைகள்

தமிழகத்தில் நல்ல போர்க்குதிரை இயற்கையாகப் பெருகவில்லை. கடல்வழிக் குதிரை வரவு சங்க காலத்திலேயே இருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கல்வெட்டுகள் ‘குதிரைச் செட்டிகள்’ என்ற வணிகரைக் குறிப்பிடுகின்றன. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் கோயில் பணிக்குச் செலவிட்டதும், இறைவன் நரியைப் பரியாக்கிக் கொணர்ந்ததும் தமிழர் அறிந்த கதை. அரசின் கருவூலத்தில் குதிரைக்கு எவ்வளவு பெரிய பங்கு இருந்தது என்பதை அக்கதையும் உணர்த்துகிறது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வணிகம் உச்சத்தில் இருந்தது. பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுத் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் கூறுகிறார். பயணியின் எண்களில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கு இல்லை. லாடம் கட்டி மருத்துவம் பார்ப்போரை வணிகர் உடன் கொண்டு வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் மடிய மடியத்தான் அவர்களுக்கு விற்பனை தொடரும் என்கிறார் அவர்.

தீனி முறையும் கேடு செய்தது. வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்ததாக மார்க்கோ போலோ சொல்கிறார். வறுத்த தானியத்தை வெண்ணெயிட்டுக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலையும் குடிக்கச் செய்ததாக வசாஃப் எழுதுகிறார். செரிமானத்துக்கு ஒவ்வாத செறிந்த தீனி குளம்பினுள் அழற்சியை உண்டாக்கி, எலும்பையும் குளம்புச் சுவரையும் பிரித்துவிடும் என்பது இன்றைய மருத்துவம் அறிந்த உண்மை. கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்த குதிரையைத் திடீரென இறுகிய தரையில் ஓட்டினால் கால் தாங்காது. பொன் கொடுத்துக் குதிரையை வாங்க முடிந்தது. காலைக் காக்கும் கைத்தொழில் அறிவு அதனோடு சேர்ந்து வரவில்லை. அறிவை மறைப்பதில் ஆதாயம் கண்ட வணிகத்தின் விலையை ஆண்டுதோறும் கருவூலமும் குதிரைகளும் செலுத்தின.

இந்தியாவில் குதிரை நூல்களே இல்லை என்று இதனால் கொள்ளக் கூடாது. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழிக் குதிரை மருத்துவ மரபு மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம், குதிரைக் கொட்டிலின் தரையில் வழவழப்பான பலகை பாவ வேண்டும் என்கிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓவியங்களுடன் கூடிய அசுவ சாத்திரச் சுவடி உள்ளது. மேலும், லாடம் என்பது தமிழ்நாட்டு வண்டி மாடுகளின் வாழ்வோடு இணைந்த ஒன்று. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தகடுகள் வேண்டும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துக் கால்களைக் கட்டி லாடம் அடிக்கும் காட்சி, சாலையோரங்களிலும் சந்தைகளிலும் அண்மைக் காலம் வரை சாதாரணமாகக் காணப்பட்டது.

நகரச் சாலைகளும் மருத்துவக் கல்லூரிகளும்

லாடம் தேய்மானத்தைத் தடுத்தது. ஆனால் அதிர்ச்சியைத் தடுக்கவில்லை. இரும்பு கல்லில் மோதும்போது எழும் அதிர்வு, வெறும் குளம்பு மோதும்போது எழுவதைவிட மிகுதி. கனமான லாடம் குளம்பின் விரிவையும் தடுத்தது. குளம்பின் நடுவிலுள்ள மென்பகுதி தரையைத் தொடாமல் உயர்ந்து நின்றதால், அது சுருங்கிப் பயனற்றுப் போயிற்று. கொல்லர்கள் அதையும் அழகுக்காகக் கத்தியால் செதுக்கி எறிந்தனர்.

18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் லஃபோஸ் என்ற குதிரை மருத்துவர் இதற்கு எதிராக எழுதினார். குட்டையான, மெல்லிய லாடமே போதும். குளம்பின் மென்பகுதி தரையைத் தொட வேண்டும் என்பது அவர் கருத்து. 1762-இல் குளோத் பூர்ஷெலா லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியைத் திறந்தார். 1791-இல் இலண்டனில் அத்தகைய கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியரானவர் பிரெஞ்சுக்காரரான சேன்பெல். தோல்வியே காணாத எக்லிப்ஸ் என்ற பந்தயக் குதிரை 1789-இல் இறந்தபோது அதன் உடலை அறுத்து அளந்து ஆராய்ந்தவர் அவர். அக்கல்லூரியின் முதல் மாணவர்களுள் ஒருவரான பிரேசி கிளார்க், குளம்பு விரிந்து சுருங்குவதை விளக்கி, அதற்கு இடம் தரும்படி கீல் வைத்த லாடத்தையும் வடிவமைத்தார். அது வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் குளம்பு உயிருள்ள உறுப்பு, வெறும் கட்டை அன்று என்ற எண்ணம் நிலைபெற்றது.

19-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலையும் இத்துறைக்குள் வந்தது. அமெரிக்காவின் திராய் நகரில் ஹென்றி பர்டன் 1835-இல் லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் மேம்படுத்திய இயந்திரம் நிமிடத்துக்கு 60 லாடங்கள் செய்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைக்கு அவை பெருமளவில் சென்றன. லாடம் மலிந்தது, குதிரையின் வேலை நேரம் குறையவில்லை.

இலண்டன் போன்ற நகரங்களில் கல் பாவிய தெருக்களில் பயணிகள் வண்டியை இழுத்த குதிரைகள், நாலைந்து ஆண்டுகளிலேயே அந்த வேலைக்கு உதவாமல் போய் விற்கப்பட்டன. 1877-இல் ஆனா சியூவெல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ நாவலில் இதன் இலக்கியப் பதிவைக் காண்கிறோம். குடித்துவிட்டு வந்த ஒருவன், லாடம் தளர்ந்ததைப் பொருட்படுத்தாமல், புதிதாகக் கல் கொட்டிய சாலையில் இரவில் குதிரையை விரட்டுகிறான். லாடம் கழன்று, குளம்பு பிளந்து, குதிரை முழங்கால் உடைந்து விழுகிறது. அதன்பின் அதன் விலையும் வாழ்வும் இறங்கிக்கொண்டே போகின்றன. இந்நாவல் விலங்கு நலன் பற்றிய பொதுக் கருத்தைப் பெரிதும் மாற்றியது.

கோடையில் பந்தயத் தரை

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்ததும் சாலைக் குதிரை மறைந்தது. காலின் சிக்கல் பந்தயத் திடலுக்கு இடம் மாறியது. கோடையில் காய்ந்த புல்தரையில் குதிரை வேகமாக ஓடுகிறது. அதனால் காலின் மீது விழும் அடியும் பெருகுகிறது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பயிற்றுநர்கள், தோல் பதனிட்டு எஞ்சிய மரப்பட்டைத் தூளைப் பரப்பிய தடங்களில் குதிரைகளை ஓட்டிப் பழக்கினர். காய்ந்த புல்தரைக்கு அது மாற்றாக இருந்தது.

கடற்கரை மணலும் உதவியது. கிராண்ட் நேஷனல் பந்தயத்தை 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்ற ரெட் ரம் என்ற குதிரைக்குப் பாத எலும்பில் அழற்சி நோய் இருந்தது. அதன் பயிற்றுநர் ஜிஞ்சர் மெக்கெய்ன் சவுத்போர்ட் கடற்கரை மணலில் அதைப் பழக்கி, கடல் நீரில் நடக்கவிட்டார். நொண்டலோடு கடலில் இறங்கிய குதிரை நேராக நடந்து வந்தது என்பது பந்தய உலகில் புகழ்பெற்ற செய்தி. குளிர்ந்த நீர் வீக்கத்தைத் தணிக்கும். ஈர மணல் அடியை ஓரளவு வாங்கிக்கொள்ளும் என்ற இரண்டு எளிய உண்மைகள் இதில் அடங்கியுள்ளன.

எல்லாப் பழைய மருத்துவமும் இப்படி நன்மை செய்யவில்லை. வீங்கிய தசைநாணின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் முறை நூற்றாண்டுகளாக நிலவியது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, சூட்டினால் தசைநாண் குணமாவதில்லை என்று காட்டியது. சூடு போட்ட குதிரைக்கு நீண்ட ஓய்வு தருவார்கள். குணப்படுத்தியது அந்த ஓய்வுதான்.

தரையை அளக்கும் முறையும் வளர்ந்தது. தண்டு ஒன்றைத் தரையில் இறக்கி, அது எவ்வளவு ஆழம் புகுகிறது என்று காட்டும் ஊடுருவுமானி பல நாடுகளில் பயன்படுகிறது. இந்தியப் பந்தயக் கழகங்களும் அந்த அளவை வெளியிடுவது வழக்கம். பிரித்தானியாவில் 2000-களில் வந்த கருவி, தரையின் எதிர்ப்பையும் புல்வேரின் பிடிமானத்தையும் சேர்த்து அளக்கிறது. அளவு கடினமாக இருந்தால் முன்கூட்டியே நீர் பாய்ச்சுகின்றனர். தடை தாண்டும் பந்தயமானால், தரை மிக இறுகியிருக்கும்போது பந்தயத்தையே நிறுத்துகின்றனர்.

செயற்கைத் தரையும் எலும்பின் அறிவியலும்

1989-இல் இங்கிலாந்தின் லிங்ஃபீல்டு திடலில் அந்நாட்டின் முதல் அனைத்துப் பருவநிலைப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. மணல், செயற்கை இழை, ரப்பர், மெழுகு ஆகியவற்றைக் கலந்த தரைகள் பின்னர் பரவின. கலிபோர்னியா மாநிலம் 2006-இல் தன் பெரிய பந்தயத் திடல்கள் அனைத்தும் செயற்கைத் தரைக்கு மாற வேண்டும் என ஆணையிட்டது. கென்டக்கியின் கீன்லேண்ட் திடலும் அதே ஆண்டில் மாறியது. ஆனால் மாற்றம் நிலைக்கவில்லை. வெப்பம் ஏற ஏற மெழுகின் தன்மை மாறி, காலையில் ஒரு விதமாகவும் நண்பகலில் வேறு விதமாகவும் தரை நடந்துகொண்டது. பராமரிப்புச் செலவும், பயிற்றுநர், சூதாடிகள் ஆகியோரின் எதிர்ப்பும் சேர்ந்தன. சாண்டா அனிட்டா 2010-இலும், கீன்லேண்ட் 2014-இலும், டெல் மார் 2015-இலும் மண்தரைக்குத் திரும்பின. உயிரிழப்பு செயற்கைத் தரையில் குறைவு என்பதை அமெரிக்கக் காயப் பதிவேடு தொடர்ந்து காட்டிவந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது.

இதற்கிடையில் எலும்பு பற்றிய அறிவு ஆழமாயிற்று. எலும்பு தன் மீது விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதை செர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வூல்ஃப் 1892-இல் விளக்கினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நுனமேக்கர் இதைப் பந்தயக் குதிரையிடம் ஆராய்ந்தார். இளங்குதிரையை மெதுவாக நெடுந்தூரம் மட்டுமே ஓட்டினால், விரைவோட்டத்துக்கு வேண்டிய வடிவத்தை எலும்பு பெறுவதில்லை. குறுகிய தூர விரைவோட்டத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெறுகிறது என்று கண்டார். செனபோனின் கல் முற்றம் குளம்புக்குச் செய்ததை இப்பயிற்சி எலும்புக்குச் செய்கிறது.

கலிபோர்னியாவில் 1990 முதல் பந்தயத்தில் மடியும் குதிரைகளின் உடல்கள் பிணக்கூறாய்வு செய்யப்படுகின்றன. அதன் முடிவு பலரது எண்ணத்தை மாற்றியது. எலும்பு முறிந்த இடத்தில் பெரும்பாலும் முன்பே நுண்விரிசல்கள் இருந்தன. திடீர் விபத்து என்று கருதப்பட்டது, வாரக்கணக்கில் சேர்ந்து வந்த சேதத்தின் முடிவாக இருந்தது. 2018 டிசம்பர் முதல் 2019 ஜூன் வரையிலான பருவத்தில் சாண்டா அனிட்டாவில் 30 குதிரைகள் இறந்தபோது பெரும் கண்டனம் எழுந்தது. அதன் பின்னர் அங்கு, குதிரையை மயக்காமல் நிற்க வைத்தே கணு மூட்டைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் கருவி நிறுவப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 2020-இல் குதிரைப் பந்தயப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அந்நாட்டின் காயப் பதிவேட்டின்படி, 2009-இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 ஆக இருந்த உயிரிழப்பு 2022-இல் 1.25 ஆகக் குறைந்தது.

இன்று கோடையில் பின்பற்றப்படும் முறைகள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து திரண்ட நடைமுறைகள் எளியவை. இறுகிய தரையில் வேகமான ஓட்டத்தையும் தாண்டலையும் குறைத்து, நடையையும் மணல்தடப் பயிற்சியையும் கூட்டுகின்றனர். நாள்தோறும் காலையில் நான்கு கால்களையும் கையால் தடவிச் சூடும் வீக்கமும் உள்ளனவா என்று பார்க்கின்றனர். வேலைக்குப் பின் கால்களில் குளிர்ந்த நீரைப் பாய்ச்சுகின்றனர். குளம்பு சமநிலையில் தேயும்படி வாரக் கணக்குத் தவறாமல் சீவுகின்றனர். லாடத்துக்கும் குளம்புக்கும் இடையே தோல் அல்லது பிளாஸ்டிக் அட்டை வைப்பதும் உண்டு. திடல்களில் தரையைத் துளையிட்டுக் காற்றோட்டம் தந்து, ஆழமாக நனையும்படி நீர் பாய்ச்சுகின்றனர். மேற்பரப்பை மட்டும் நனைத்தால் வழுக்கும். அடியில் கடினம் அப்படியே இருக்கும்.

முடிவுரை

குதிரைக் காலைக் காக்கும் கருவிகள் பெருகிய ஒவ்வொரு முறையும், அக்காலிடம் மனிதன் எதிர்பார்த்ததும் கூடியது. லாடம் வந்ததும் பயணம் நீண்டது; இயந்திர லாடம் வந்ததும் நகரக் குதிரைகள் பெருகின; நல்ல பந்தயத் தரை வந்ததும் வேகம் வேண்டப்பட்டது. இதனால் கருவிகளின் பயன் பாதி, குதிரையைச் சேராமல் போயிற்று.

வரலாறு முழுவதும் மாறாமல் உதவியவை மூன்று: படிப்படியான பழக்கம், போதிய ஓய்வு, பாதத்தை அறிந்த ஒருவரின் அன்றாடப் பார்வை. பாண்டிய நாட்டின் குதிரைகளுக்குக் கிடைக்காமல் போனது இந்த மூன்றாவது. இன்று ஊடுருவுமானியும் பெட் ஸ்கேனும் அந்தப் பார்வையைக் கூர்மையாக்கியுள்ளன. அவை காட்டும் எண்ணைக் கண்டு பந்தயத்தை நிறுத்தவும், குதிரையைத் தொழுவத்துக்குத் திருப்பி அனுப்பவும் அதிகாரம் உடையவர் முன்வரும்போதுதான் கோடைத் தரையில் ஓடும் குதிரைக்குப் பாதுகாப்பு உண்டாகும்.